யோபுவின் நண்பர்கள்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் யோபுவின் சரிதத்தில், செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் அந்த மனிதனைத் தேற்றுவதற்கென்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் அம்மூவரும் ஏழு நாளும் ஏழு இரவும் அவனோடு தரையிலே அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள் என்று நூல் கூறுகிறது; அவர்கள் செய்த நற்காரியம் அந்த மௌனம் ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றும். வாய் திறந்ததும் அவர்கள் கைக்கொண்ட தர்க்கம் மிகவும் எளியது. கடவுள் நீதியுள்ளவர், அவருடைய ஆட்சியில் குற்றமற்றவன் துன்புறுவதற்கில்லை, நீயோ துன்புறுகிறாய், ஆகவே உன்னிடத்தில் எங்கோ குற்றம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் குற்றத்தை அவர்கள் எவரும் கண்டதில்லை. ஆயினும் அது இல்லாமற்போனால் உலக ஒழுங்கைப்பற்றி அவர்கள் கொண்டிருந்த சித்தாந்தம் குலைந்துவிடுமாதலால், கண்டவர்களைப் போலவே பேசினார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களைப்பற்றி நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் அபிப்பிராயத்தை ஆராயப் புகும்போதெல்லாம் எனக்கு இந்த மூவருடைய நினைவே முதலில் வருகிறது. அம்மக்களின் பிள்ளைகள் தேர்வுகளில் சராசரியாகப் பின்தங்குகிறார்கள், பட்டம் பெறுவோர் விகிதம் வெள்ளையரிடையே இருப்பதைவிடக் குறைவு என்னும் செய்திகளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வீடுகளில் கல்விக்கு மதிப்பில்லை, அதுவே இதற்கெல்லாம் மூலம் என்று முடித்துவிடுவதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் துவேஷம் உடையவர்கள் அல்லர். பலர் அனுதாபத்தோடுதான் சொல்லுகிறார்கள். யோபுவின் நண்பர்களும் அனுதாபத்தோடு புறப்பட்டு வந்தவர்களே. ஒரு சமூகத்தின் உள்ளத்திலே ஒன்றன்மீது விருப்பம் இருக்கிறதா இல்லையா என்பதை வெளியே நிற்பவர் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அறிவது என்பது தத்துவம் பற்றிய வினா; அறிந்துவிட்டதாகக் கருதிக்கொண்டு அதையே அவர்களுடைய தாழ்வுக்குக் காரணமாகச் சாற்றுவது தகுமா என்பது சமயமும் அறமும் பற்றிய வினா.

முதல் வினாவுக்கு நம் நாட்டுத் தர்க்க நூலார் ஒரு நல்ல கருவியைச் செய்து வைத்திருக்கிறார்கள். குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும், அவர்களையொட்டி அத்வைதிகளும், அனுபலப்தி என்னும் அளவையைத் தனியான ஒரு பிரமாணமாக ஏற்றனர். ஒரு பொருள் காணப்படாமையிலிருந்து அப்பொருள் அவ்விடத்தில் இல்லையென்று அறிவது அது. ஆனால் காணாமை யாவும் இன்மைக்குச் சான்றாகிவிடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அப்பொருள் இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்கவாறு ஒளியும் கண்ணும் தடையின்மையும் ஆகிய நிலைமைகளெல்லாம் நிறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதைக் கொண்டு குடமே இல்லையென்று சாதிப்பவன் தர்க்கம் அறியாதவன். கல்வியில் விருப்பம் இருந்திருந்தால் அது தேர்ச்சியாக வெளிப்பட்டிருக்கும் என்று சொல்ல வருகிறவர், பள்ளியும் ஆசிரியரும் நூலும் ஓய்வும் பிறருக்கு இருந்தவாறே இவர்களுக்கும் இருந்தன என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். அமெரிக்க சரித்திரத்திலோ, விளக்கை அணைத்தவர்களே பின்பு குடம் இல்லையென்று சாட்சி சொல்ல வந்தார்கள்.

இது அலங்காரமாகச் சொன்ன வார்த்தையன்று. ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த மறு ஆண்டில், அதாவது 1740இல், தென் கரோலினா இயற்றிய சட்டம் அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுன் அபராதம் விதித்தது. 1830இல் வட கரோலினாவின் சட்டமன்றம், எழுத்தும் வாசிப்பும் அடிமைகளின் மனத்திலே அதிருப்தியை மூட்டிக் கலகத்துக்கு வழிகோலும் என்பதைத் தன் சட்டத்தின் முகவுரையிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லி, ஓர் அடிமை மற்றோர் அடிமைக்கு எழுத்தறிவித்தால் முப்பத்தொன்பது கசையடி என்று விதித்தது. அதே சட்டம் எண்ணறிவுக்கு மட்டும் விலக்களித்தது. கணக்கறிந்த தச்சனாலும் கொல்லனாலும் எசமானருக்கு லாபம் உண்டல்லவா? மனித அறிவை இவ்வளவு நுட்பமாகக் கூறுபோட்டு, தமக்கு வேண்டிய பாதியை வளர்த்து வேண்டாத பாதியை வெட்ட முயன்ற சட்டம் வேறொன்று உண்டா என்று எனக்கு ஐயமாயிருக்கிறது. எவரும் விரும்பாத ஒன்றைத் தடுப்பதற்கு எந்த அரசும் அபராதத்தையும் கசையையும் வகுப்பதில்லை. ஆகவே கறுப்பின மக்களின் கல்வி வேட்கைக்கு வேறு சாட்சியம் கிடைக்காமற் போயிருந்தாலும், அதனை ஒடுக்க எழுந்த இந்தச் சட்டங்களே போதிய சாட்சியமாகும்.

சமயமும் இதில் நிரபராதியாக நிற்கவில்லை. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று அச்சிடப்பட்ட விவிலியத் தொகுப்பிலிருந்து, எகிப்தின் அடிமைத்தளையினின்று இஸ்ரவேலர் விடுதலை பெற்ற வரலாறு நீக்கப்பட்டிருந்தது. கடவுளின் வாக்கைக் கொடுக்கவும் வேண்டும், அதிலே கடவுள் அடிமைகளின் பக்கம் நின்ற பகுதி தெரியவும் கூடாது என்றால் வேறென்ன செய்ய முடியும்?

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது டேனியல் அலெக்சாண்டர் பேன் என்பவருடைய வாழ்க்கை. 1811இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில், அடிமைகளல்லாத கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையிலேயே அவர்களை இழந்து, தச்சுப் பட்டறையில் தொழில் பழகிய அவர், 1829இல் தம் பதினெட்டாம் வயதில் ஒரு பள்ளி தொடங்கினார். ஒருவருடைய மூன்று குழந்தைகளே முதல் மாணவர்கள். தலைக்கு மாதம் ஐம்பது சென்ட் சம்பளம். இரவில் வயதுவந்த அடிமைகள் மூவர் அதே சம்பளம் கொடுத்துப் படித்தார்கள். ஆக ஆசிரியரின் மாத வருமானம் மூன்று டாலர். தம் உழைப்பின் ஊதியத்தைத் தமக்கென்று உரிமை கொண்டாட இயலாத மனிதர்கள் எங்கிருந்தோ ஐம்பது சென்ட் தேடிக்கொண்டுவந்து, பகலெல்லாம் உழைத்த அலுப்போடு இருளில் எழுத்துக் கூட்டியதை விளக்க, கல்விக்கு மதிப்பில்லை என்று கூறுவோரிடம் என்ன சமாதானம் உண்டோ அறியேன். பேன் தாமே கற்றுக்கொண்டு கற்பித்தவர். பூகோளமும் தாவரநூலும் விலங்குநூலும் அவருடைய பள்ளியில் பாடங்களாயின. பாடத்துக்காகப் பாம்பொன்றை வாங்கி வரச் சென்ற மாணவர்களை ஒரு தோட்ட முதலாளியின் குடும்பத்தார் விசாரித்து, கறுப்பினப் பிள்ளைகள் இத்தனை கற்கிறார்களா என்று திடுக்கிட்டதை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1834இன் இறுதியில் தென் கரோலினா வாசிப்பையும் தடைக்குள் அடக்கி, இத்தகைய பள்ளிகளையே ஒழிக்கும் சட்டம் செய்தது. மறு ஆண்டில் பேன் பள்ளியை மூடினார். அப்பொழுது தம் நெஞ்சில் நிகழ்ந்ததை, 1888இல் வெளிவந்த சுயசரிதத்தில் ஒரு பிஷப் எழுதத் தயங்கக்கூடிய துணிவோடு எழுதுகிறார். உறக்கமின்றி வாடிய அந்த நாட்களில், கடவுள் உண்டா என்பதையே அவர் ஐயுற்றார். உண்டென்றால் அவர் நீதியுள்ளவரா, நீதியுள்ளவராயின் ஓர் இனம் மற்றோர் இனத்தை நசுக்குவதை ஏன் பொறுக்கிறார் என்று கேட்டார். காலத்தைக் கடவுள் அளக்கும் அளவு வேறு என்னும் எண்ணம் அவரைப் பின்பு ஒருவாறு தாங்கிற்று. 1835 மே மாதத்தில் வடக்கே புறப்பட்டுப்போய், கெட்டிஸ்பர்க்கில் லுத்தரன் திருச்சபையாரின் குருத்துவக் கல்லூரியில் பயின்று, 1852இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் பிஷப்பாகி, 1863இல் ஒஹையோ மாநிலத்து வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியைத் தம் திருச்சபைக்காகப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கி அதன் தலைவராகவும் அமர்ந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் தம் வினாவை யாரிடம் கேட்டார் என்பது. தம் மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றோ, அவர்களிடம் என்ன குறை இருந்தது என்றோ அவர் கேட்கவில்லை. கடவுளை நோக்கியே கேட்டார். யோபுவும் அவ்வாறே செய்தான். நண்பர்கள் கடவுளுக்காக வழக்காடினார்கள், யோபு கடவுளோடு வழக்காடினான். நூலின் முடிவில் கடவுள் சினங்கொள்வதோ அந்த வழக்கறிஞர்கள்மீது. ஐயத்தால் நடுங்கிய இளைஞனுடைய பக்தி, சட்டம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நிம்மதியாக அமர்ந்திருந்தவர்களுடைய நிச்சயத்தைவிட உயர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவற்றை விரித்தால் நூலாகும். உள்நாட்டுப் போர் முடிந்தவுடன், விடுதலை பெற்றோர் நலத்துறையின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜான் ஆல்வர்ட் தென் மாநிலங்களைச் சுற்றிப் பார்த்தபோது, வெளியார் எவருடைய உதவியுமின்றிக் கறுப்பின மக்கள் தாங்களே தொடங்கி நடத்திய பள்ளிகள் ஐந்நூறுக்குக் குறையாமல் இருக்கும் என்று கணித்தார். கறுப்பினப் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக அமர்ந்து 1868இல் வகுத்த தென் கரோலினா அரசியல் சட்டம் எல்லாருக்கும் பொதுப்பள்ளி என்பதை விதியாக்கிற்று. வெள்ளை ஏழையின் பிள்ளைக்கும் அதனால் நன்மை உண்டாயிற்று என்பதைப் பின்னாளில் கறுப்பினச் சரித்திர அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் வற்புறுத்தி எழுதினார். 1870ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வெள்ளையரல்லாதாருள் நூற்றுக்கு எண்பதின்மர் எழுத்தறியாதவர்கள். 1910இல் அது முப்பதாகக் குறைந்தது. நாற்பதே ஆண்டுகளில், வாக்குரிமை பறிக்கப்பட்டும் சித்திரவதைக் கொலைகளுக்கு அஞ்சியும் வாழ்ந்த ஒரு மக்கள்தொகை ஈட்டிய பலன் இது.

ரோசன்வால்ட் பள்ளிகளின் கணக்கையும் சற்று உற்று நோக்கலாம். சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனுடைய தூண்டுதலால் 1912இல் தொடங்கிய தருமத்தினால், 1932 வரை பதினைந்து மாநிலங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் கிராமப் பள்ளிகள் எழுந்தன. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர்; அதில் அந்தத் தருமநிதி தந்தது 43 லட்சம்; கறுப்பினக் குடியானவர்கள் தந்ததோ 47 லட்சம். எஞ்சியதில் பெரும்பகுதி பொதுவரிப்பணம். அந்த வரியையும் அவர்கள் செலுத்தியவர்களே. வள்ளலின் பெயரைத் தாங்கிய பள்ளிகளுக்கு வள்ளலைவிட மிகுதியாகக் கொடுத்தவர்கள் குத்தகைப் பருத்தி நிலத்தில் உழைத்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. ரோசன்வால்டைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அவர் வைத்த நிபந்தனையே ஊர்மக்களும் பங்கு தரவேண்டும் என்பது.

இவ்வளவும் நூல்களில் பதிந்திருக்க, அந்த அபிப்பிராயம் மட்டும் ஏன் மடியவில்லை? மாக்ஸ் வெபர் என்னும் ஜெர்மானியச் சமூகவியலார் இதற்கு விடையாகக் கொள்ளத்தக்க ஒன்றைச் சொல்லியிருக்கிறார். நற்பேறு வாய்த்தவன் அந்தப் பேற்றோடு திருப்தியடைவதில்லை. தான் அதற்குத் தகுதியுடையவன் என்றும், தன்னோடு ஒப்பிட்டால் பேறற்றவன் அந்நிலைக்கே தகுதியுடையவன் என்றும் நம்பிக்கொள்ள வேண்டியவனாகிறான். சமயங்கள் பல காலமாக அவனுக்கு அந்த நம்பிக்கையை வழங்கி வந்திருக்கின்றன என்பது அவர் கருத்து. முன்வினை என்னும் கோட்பாட்டைத் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு ஒருவன் துணையாகக் கொள்வது வேறு, அயலானுடைய தாழ்வைச் சுட்டி அது அவன் வினை என்று திண்ணையிலிருந்து தீர்ப்பளிப்பது வேறு என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடவுளின் பெயரால் பேசக் கூச்சம் தோன்றிய காலத்தில், அவருடைய இடத்திலே பண்பாடு என்பதை அமர்த்தினார்கள்; தீர்ப்பு மாறவில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்காமல் விடுவது நியாயமாகாது. 1986இல் சிக்னீதியா ஃபோர்டாம், ஜான் ஓக்பு என்னும் மானிடவியல் அறிஞர் இருவர், வாஷிங்டன் நகரத்துப் பள்ளி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, நன்றாகப் படிக்கும் கறுப்பின மாணவர்களை வெள்ளையர்போல் நடிப்பதாகத் தோழர்கள் ஏளனம் செய்கிறார்கள் என்று எழுதினார்கள். நீண்டகால ஒடுக்குமுறையின் விளைவாகவே அவர்கள் இதை விளக்கினார்கள்; ஆனால் அவர்களுடைய வாதம் பொதுமக்களிடையே பரவியபோது காரணம் உதிர்ந்துபோய் ஏளனம் மட்டும் நின்றது. 1998இல் எய்ன்ஸ்வர்த்-டார்னெல், டௌனி இருவரும் தேசமளாவிய தரவுகளைக் கொண்டு சோதித்தபோது, பள்ளியைப்பற்றிக் கறுப்பின மாணவர்கள் கொண்டிருந்த மனப்பான்மை வெள்ளை மாணவர்களுடையதைவிடச் சாதகமாகவே இருக்கக் கண்டார்கள். 2005இல் காரலின் டைசனும் உடனாய்வாளர்களும் வட கரோலினாவின் பள்ளிகளைப் பார்த்து, அந்த ஏளனம் எங்கும் உள்ளதன்று, மேல்வகுப்புப் பாடங்களில் வெள்ளையரே நிறைந்திருக்கும் பள்ளிகளில் தலைகாட்டுவது என்றும், ஏழை வெள்ளைப் பிள்ளைகளிடையேயும் அதை ஒத்தது உண்டு என்றும் காட்டினார்கள்.

இவர்களெல்லாரினும் ஆழமாகச் சென்றவர் ரோஸ்லின் மிக்கெல்சன் என்பது என் எண்ணம். அவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களின் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார். கல்வி மனிதனை உயர்த்தும் என்னும் பொதுவான நம்பிக்கை ஒன்று. தன் தாயும் தந்தையும் உற்றாரும் பெற்ற கல்விக்கு உலகம் உண்மையில் என்ன கூலி கொடுத்தது என்று கண்டறிந்த நம்பிக்கை மற்றொன்று. முன்னது கறுப்பின மாணவரிடையே குறைவின்றி ஓங்கி நின்றது, பின்னது தளர்ந்திருந்தது, மதிப்பெண்கள் பின்னதையே பின்தொடர்ந்தன. விருப்பம் இருந்தும் உறுதி இளைப்பது மனித இயற்கையில் உள்ளதே. பக்தி குன்றாமல் நம்பிக்கை தடுமாறக்கூடும் என்பதைப் பேனுடைய உறக்கமற்ற இரவுகளில் முன்பே பார்த்தோம்.

இவர்களைக் கல்வியின்மீது குன்றாத தாகங்கொண்ட வீரர்கள் என்று ஒருமுகமாகப் புகழ்வதும் அதே பிழையின் மறுபக்கம். பேன் 1843இல், போதகர்கள் கல்வி கற்றவர்களாயிருக்க வேண்டும் என்று நிருபங்கள் எழுதியபோது, அவருடைய சொந்தத் திருச்சபையிலேயே பலத்த கண்டனம் எழுந்தது. ஆவியின் அருள் இருக்கப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். கோடிக்கணக்கான மனிதரை ஒரே உள்ளமுடைய ஒருவராகப் பாவிப்பது, புகழுக்காயினும் இகழுக்காயினும், பேச்சுக்கு எளிதாயிருக்கிறது என்பதன்றி வேறு நன்மை எதுவும் அதற்கு இல்லை.

எஞ்சி நிற்பது வர்ஜீனியா மாநிலத்து பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தின் வழக்கு. ஃபார்ம்வில் என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்கள் 450 பேருக்கும் மேல். மிகுந்தவர்களுக்காகத் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகள் போடப்பட்டன. 1951 ஏப்ரல் 23இல் பதினாறு வயதுப் பெண் பார்பரா ஜான்ஸின் தலைமையில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். அவர்கள் கேட்டது நல்ல பள்ளிக்கூடம். அந்த வேலைநிறுத்தத்தினின்று பிறந்த வழக்கு, 1954இல் பிரிவினைப் பள்ளிகளை உச்சநீதிமன்றம் ரத்துசெய்த பிரௌன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளுள் ஒன்றாயிற்று. கலந்து படிக்கும் பள்ளியை நடத்துவதைவிடப் பள்ளியே இல்லாமலிருப்பது மேல் என்று வட்டார நிர்வாகம் 1959இல் பணம் ஒதுக்க மறுத்து அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் உறவினர் வீடுகளுக்கும், குவேக்கர் சங்கத்தாரின் உதவியால் வேற்று மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பலர் கோவில்களில் நடந்த வகுப்புகளில் சிறிதளவே கற்றார்கள். வயலுக்குப் போனவர்களும் உண்டு. 1964இல் உச்சநீதிமன்றம் ஆணையிடும் வரை ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளிகள் மூடியே கிடந்தன.

இடையே ஒரு சோதனை வந்தது. உங்களுக்கும் தனியார் பள்ளி ஒன்று அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் முன்வந்தார்கள். கறுப்பினப் பெற்றோர் ஏறக்குறைய அனைவரும் மறுத்தார்கள். ஏற்றுக்கொண்டால் வழக்கு வலுவிழக்கும், பிரிவினை என்றும் நிலைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கையில் கிடைத்த பள்ளியைத் தள்ளியதனால் அவர்கள் கல்வியை மதிக்காதவர்கள் ஆவார்களா? வெளியே நின்று எண்ணிக்கை எடுப்பவன் அப்படித்தான் எழுதிக்கொள்வான். ஆனால் அந்த மறுப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பெற்றோரல்லர், பிள்ளைகள். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் உரிமைக்காகத் தன் பிள்ளையின் பத்தாம் வயதைப் பணயம் வைக்கத் தாய்க்கு அதிகாரம் உண்டா என்பதில் என்னால் தெளிவான முடிவுக்கு வர இயலவில்லை. அலட்சியத்தினால் செய்தார்கள் என்பதொன்றுதான் ஒருகாலும் பொருந்தாதது.

அந்தப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. பின்வந்த குடிக்கணக்குகளில், படிப்பு முடியாத கறுப்பினத்தார் என்னும் தொகையில் அவர்களும் சேர்ந்திருப்பார்கள். எத்தனையாம் வகுப்புவரை படித்தாய் என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது, ஏன் நின்றாய் என்ற கேள்வி இருக்கவில்லை. 2004இல் வர்ஜீனியாச் சட்டமன்றம் அவர்களுக்காக ஓர் உதவித்தொகை நிதியை ஏற்படுத்தியது. 1959இல் பத்து வயதினராயிருந்தவர்களுக்கு அப்பொழுது வயது ஐம்பத்தைந்து. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கும் கல்லூரிப் பட்டத்துக்கும் அதைக்கொண்டு படிக்கலாம். குடிக்கணக்கு எழுதாது விட்ட காரணத்தை அந்தச் சட்டம், உதவி பெறத் தகுதியுடையோர் யார் என்னும் விதியிலே எழுதி வைத்தது: கலந்து படிப்பதைத் தவிர்ப்பதற்காக அரசுப் பள்ளிகள் மூடப்பட்டபோது அங்கே வாழ்ந்து, அதனால் படிப்பை இழந்தவர்கள்.